பாத்திரக்காரர் இலை

மாத்தளை டவுனில் திரீவீல்காரரிடம் கொக்கோ ஸ்டோர் ரோடு என்று சொன்னால் ஒரு தரம் முழிப்பார். சட்டிக்கார மகேஸ்வரன் ரோடு என்றால் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்புவார். கொக்கோ வாங்கிச் சேர்த்த ஸ்டோர் எந்தக் காலத்திலோ இடிந்து, அந்த இடத்தில் இப்போது போன் ரிப்பேர் கடையும் சலூனும் வந்துவிட்டன. மகேஸ்வரன் வீட்டுச் சட்டிகள் மட்டும் அன்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ரோட்டின் கீழ்முனையில் பள்ளிவாசல், நடுவில் மாரியம்மன் கோயில், மேலே ஏறினால் பன்சல எனும் பௌத்த விகாரை. மூன்றுக்கும் இடையில் முண்டியடித்துக்கொண்டு வீடுகள். ஒரு வீட்டில் கல்யாணம் என்றாலும், அடுத்த வீட்டில் பிக்குமார் வந்து ஓதும் பிரித் என்றாலும், எதிர்வீட்டில் கருமாதி என்றாலும் ஆட்கள் முதலில் வந்து தட்டுவது மகேஸ்வரன் வீட்டுக் கேட்டைத்தான். கதிரை, கூடாரம், கரண்டி, கிடாரம் எல்லாம் அங்கேதான் வாடகைக்கு.

சட்டி விஷயத்தில் அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பன்சல தானத்துக்குப் போகும் சட்டியின் காதில் வெள்ளைப் பெயின்ட், கோயில் சட்டிக்கு மஞ்சள், பள்ளிக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் பச்சை. கழுவிக் கவிழ்க்கும்போதுகூட மஞ்சளின்மேல் பச்சை ஏறாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இந்த ரோட்டில் ஒருத்தர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் வாயும் வயிறும் தாராளமாகக் கலந்துகொள்ளும், சட்டிதான் கலக்காது. மகேஸ்வரனின் அப்பா இருளாண்டி எல்கடுவப் பக்கத் தோட்டத்து வேலையாள் பட்டியலில் தன் பேரை வெட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கி வந்து, ஒரு பழைய வளவு பங்களாவின் ஏலத்தில் இரண்டு செப்புக் கிடாரங்களை எடுத்துத் தொடங்கிய தொழில் இது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைக் கோயிலுக்கும் ஒன்றைப் பள்ளிக்கும் என்று ஒதுக்கியவரும் அவர்தான்.

இந்தச் சட்டத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் பரீட்சை வரும். மாசித் தேரன்று மத்தியானம் அம்மனுக்குப் படைத்த பிறகு அன்னதானம். வேறு கோயில்களில் முதல் இலை பூசாரிக்கு, இல்லையென்றால் தலைவருக்கு. இங்கே முதல் இலை பாத்திரக்காரருக்கு. அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, ஊரே நின்று பார்க்க, முதல் வாய் சாப்பிட வேண்டும். சட்டி சுத்தம் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை, வாயில் வைத்தால் போதும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும். இருளாண்டி இருந்தவரை அவர் உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு கட்டாரிலிருந்து திரும்பி வந்த மகேஸ்வரன் உட்கார்ந்தான். அந்த ஒரு இலைக்காக அவன் கொடியேற்றத்திலிருந்து தேர் முடியும்வரை மீன் வாசம்கூடப் பிடிக்காமல் விரதம் இருப்பான்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் தட்டிப் பார்த்து இது எந்தச் சட்டி என்று சொல்லிவிடுவேன் என்பது மகேஸ்வரனின் பெருமை. யானைக்கும் அடி சறுக்கும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அதுவரை வரவில்லை.

இந்த வருஷமும் பள்ளி நோன்பும் கோயில் தேரும் ஒன்றாக வந்தன. அதற்கு முன்பே இரண்டு செப்புக் கிடாரங்களுக்கும் ஈயம் பூச வேண்டியிருந்தது. பல்லேபொலப் பக்கமிருந்து ஈயக்காரர் வந்து முற்றத்தில் குழி வெட்டி நெருப்பு மூட்டினார். உள்ளே பழைய ஈயத்தைச் செப்பு தெரியச் சுரண்டி எடுத்து, புது ஈயம் தேய்த்தார். அந்த நெருப்பில் காதுகளில் இருந்த பெயின்ட் எல்லாம் கருகி உதிர்ந்தது. மகேஸ்வரன் இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுக்கு மஞ்சளும் ஒன்றுக்குப் பச்சையும் தானே பூசினான். அவன் மனைவி சுதர்சினி அன்றைக்கு வீட்டில் இல்லை. உக்குவளையில் தங்கை மகளுக்குக் காது குத்து.

தேருக்கு முந்தின நாள் பின்னேரம் சுதர்சினி ஒரு ஜக்கை எடுத்துக்கொண்டு பள்ளியின் பின்பக்கத்துக்குப் போனாள். நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்க ரோட்டில் எல்லாரும்தான் போவார்கள். இறைச்சி சேராதவர்களுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் வெறுங்கஞ்சி காய்ச்சி வைப்பது ரவூபின் வழக்கம். ரவூப்தான் பள்ளிக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர். அவர் மனைவி நோனா பெண்கள் வரிசைக்கு ஊற்றிக் கொடுப்பாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுவார்கள். அதனால் ரோடு முழுவதுக்கும் அவள் நோனா தாத்தா, அவர் ரவூப் நானா.

வெயில் அன்றைக்கு மண்டையைப் பிளந்தது. தகரக் கொட்டிலுக்குள் இஞ்சியும் வெந்தயமும் ரம்பை இலையும் சேர்ந்து வெந்த வாசம். வரிசை முடியும் நேரம். நோனா பெரிய கிடாரத்திலேயே அகப்பையை விட்டு சுதர்சினியின் ஜக்கில் ஊற்றப் போனாள்.

"தாத்தா, அது எறச்சிக் கஞ்சி இல்லையா?"

"இல்ல மகள். இந்த வருஷம் பெரிய சட்டியிலேயே வெறுங்கஞ்சிதான். எறச்சி போடுற இல்ல. அடியில போயிட்டு, கொஞ்சம் சாச்சுப் புடிங்க பாப்பம்."

சுதர்சினி முந்தானையை மடித்துக் கிடாரத்தின் காதைப் பிடித்துச் சாய்த்தாள். துணிக்கு அடியில் கையில் ஏதோ உறுத்தியது. காது சேரும் இடத்தில் ஆணித் தலைகள், மிளகு மாதிரி உருண்டு சொரசொரவென்று. அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். செப்பு ஆணி இல்லை. இரும்பு.

மகேஸ்வரன் கட்டாரில் இருந்த ஒரு வருஷம், கோயில் கிடாரத்தின் காது தேர் சமையலுக்கு நடுவிலே கழன்று விழுந்தது. சுதர்சினிதான் அதைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு முனையிலிருந்த லொறி கராஜுக்கு ஓடினாள். கராஜ்காரர் கையில் இருந்த இரும்பு ஆணியை அடித்துப் பொருத்திக் கொடுத்தார். இரும்பு ஆணி அடித்தது வீட்டில் மாமனாருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மாமனார் இப்போது இல்லை.

"எனத்த மகள், சுட்டுட்டா?" என்றாள் நோனா.

சுதர்சினி காதை விடாமல் நின்றாள். விறகுக்கட்டோடு உள்ளே வந்த ரவூப் அவள் முகத்தையும் அவள் பிடித்திருந்த காதையும் பார்த்தார். விறகைக் கீழே போட்டார்.

"இரிங்க மகள்," என்று உட்கார வாங்குப் பலகையை இழுத்துப் போட்டார். "தெரிஞ்சிட்டா?"

"நானா, இது கோயில் சட்டி."

"ஓம். நான் மொதல் நாளே கண்ட."

"மொத நாளேயா?"

"அரிசியப் போட்டுக் கிண்டக்கொள்ளவே கை சொல்லிட்டு, இது நம்மட சட்டி இல்லேண்டு. இதுட அடி கொஞ்சம் தட்ட. அடிபுடிக்கிற வெதம் வேற. எறச்சி அப்ப கழுவித் தட்டுல ஈந்த. போடல்ல. அண்டையிலருந்து இண்டைக்கு வரைக்கும் ஒரு துண்டு எறச்சி இதுல விழல்ல, அல்லாஹ் மேல."

"பொடியன்மார் பேசாத பேச்சில்ல," என்றாள் நோனா. "இது கஞ்சியா, காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற மருந்தா எண்டு கேக்கிய. பள்ளி நிர்வாகத்திலயும் மொகத்தச் சுளிச்சாங்க. இவர் எனத்த சொன்ன தெரியுமா? எறச்சி வெல ஏறிப்போச்சாம். நோன்பையும் புடிச்சிட்டுப் பொய்."

"பொய்யில்ல. வெல ஏறித்தானே ஈக்கி," என்றார் ரவூப்.

வேறு நாளாக இருந்தால் சுதர்சினி சிரித்திருப்பாள். "ஏன் நானா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"எப்பிடி மகள் சொல்லிய? ஒங்கட மாப்புள தன்ட கையால பெயின்ட் பூசி, தானே தூக்கிட்டு வந்து அடுப்புல ஏத்தி வெச்ச. அந்த மனுசன்ட மொகத்தப் பாத்து, ஒங்களுக்குத் தவறிட்டெண்டு நான் எப்பிடிச் சொல்ற? பெருநாள் முடிஞ்சி சட்டிய ஒப்படைக்கக்கொள்ள மெதுவா காதுல போடுவமெண்டு ஈந்த. நம்மட பக்கத்தால சுத்தமா வெச்சிட்டாப் போதும்தானே."

"ஒங்க பக்கம் சுத்தம் நானா. அப்ப பள்ளிச் சட்டி எங்க?"

ரவூப் கிடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனதில் அந்தக் கேள்வி இத்தனை நாளும் வரவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கோயில்ல இப்ப அலுமினியச் சட்டிதான் வெக்கிறாங்கெண்டு நான் நெனச்ச," என்றார் குரல் இறங்கி.

"கொடி ஏறுன நாள்லருந்து அதுலதான் அம்மாளுக்குப் பொங்குறாங்க. போன வருஷம் நோன்பு முழுக்க நீங்க மாட்டெறச்சிக் கஞ்சி காச்சுன சட்டி."

"யா அல்லாஹ்," என்று நோனா அகப்பையை வைத்துவிட்டாள்.

"நீங்க சட்டியக் காப்பாத்துனீங்க நானா. எங்களக் காப்பாத்தல. அன்னிக்கே சொல்லியிருந்தா அவரு கொஞ்ச நேரம் தலையக் குனிஞ்சிருப்பாரு. அதோட முடிஞ்சிருக்கும்."

கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனிதர்மேல் கோபப்படுகிறோமே என்ற எரிச்சல் வேறு. இந்த ரோட்டில் சண்டை போட்டுக் கெட்டவர்கள் குறைவு. மரியாதை பார்த்துக் கெட்டவர்கள்தான் அதிகம்.

"பெழதான் மகள். என்ட பெழதான்," என்றார் ரவூப். "இப்ப கேளுங்க. இதக் கழுவி வெக்கிறன். விடியச் சுபஹுத் தொழுகை முடிஞ்ச கையோட நானே திரீவீல்ல ஏத்தித் தாரன். மாத்திருங்க. நாளைக்குச் சோறு சரியான சட்டியில வேகும். வேற ஆருக்கும் தெரியத் தேவல்ல."

ஜக்கைத் தூக்கிக்கொண்டு சுதர்சினி நடந்தாள். கோயில் வாசலில் தேருக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் மடைப்பள்ளிக்குப் போனாள். அங்கே சமையலுக்குத் தலையான ராசம்மா, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் கிடாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுதர்சினி பேச்சுக்குக் குனிகிறவள் மாதிரி குனிந்து காதைத் தடவிப் பார்த்தாள். மஞ்சள் பெயின்டுக்கு அடியில் ஆணித்தலை வழுவழுவென்று இருந்தது. செப்பு.

"என்னா சுதா, புதுச் சட்டி மாதிரி தடவிப் பாக்கிற?" என்றாள் ராசம்மா.

"ஒண்ணுமில்லக்கா."

அந்த ஒண்ணுமில்லையைச் சொன்னதும் அவளுக்கு உடம்பு கூசியது. ரவூப் நானா செய்ததையே நானும் செய்யத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்தாள்.

வீட்டில் மகேஸ்வரன் நாளைக்குக் கட்டும் வேட்டிக்கு ஸ்திரிக்கை போட்டுச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தான். விரதத்தில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டு, "ரவூப் நானா கைக்கு ஒரு ருசி இருக்குதான்," என்றான்.

சுதர்சினி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். சொல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. நாளைச் சோறு சரியான சட்டியில் வேகும். இவன் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவான். சொன்னால் இவன் அந்த இலைக்குப் பக்கத்திலேயே போகமாட்டான், ஊருக்குத் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. போன் வைத்திருக்கிற பையன் ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டால் கொக்கோ ஸ்டோர் ரோட்டுக் கதை கொழும்புவரை நாறும். பள்ளிக்காரர்கள்மேல் பழி விழும். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்காரர் வந்து இந்தக் கேட்டைத் தட்டுவார்? அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனால் இவன் வருஷா வருஷம் அந்த இலையில் உட்காரும்போது, நான் மட்டும் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பேன்?

"என்னாங்க," என்றாள். "அந்த ஸ்திரிக்கைய நிப்பாட்டிட்டு இங்க வாங்க."

சொல்லி முடித்தபோது மகேஸ்வரன் முதலில் சிரித்தான்.

"போடி. நான் தட்டிப் பாத்துத்தான் பூசினேன். எனக்குத் தெரியாதா என் சட்டி?"

"புது ஈயம் பூசுனா சத்தம் மாறும்ல. நீங்க அத யோசிச்சீங்களா?"

அவன் சிரிப்பு நின்றது. பாயில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். வெளியே கோயில் ஒலிபெருக்கியில் நாளைய நேரங்களை யாரோ மூன்றாம் முறை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரவூப் நானா கண்டுபுடிச்சிருக்காரு, நான் கண்டுபுடிக்கல," என்றான் கடைசியில்.

"அவரு கையில வேற சட்டி பட்டிச்சி, தெரிஞ்சிச்சி. அதுல என்னா இருக்கு?"

"நாளைக்கு நான் எலயில ஒக்கார மாட்டேன் சுதா."

"ஒக்காராட்டி ஊருக்குத் தெரிஞ்சிரும்."

"ஒக்காந்தா அம்மாளுக்குத் தெரியும்."

"நாளைக்குச் சமைக்கிறது நல்ல சட்டியிலதாங்க. நான் காதத் தொட்டுப் பாத்து வெக்கிறேன்."

"நீ தொட்டுப் பாப்ப. நான் எத வெச்சு ஒக்காருறது? தட்டிப் பாத்து ஏமாந்த என் காத வெச்சா?"

அவன் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

விடிந்தும் விடியாத பனியில் ரவூப் சொன்னபடி திரீவீலில் கிடாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். சுதர்சினி அதே வண்டியில் ஏறி மடைப்பள்ளிக்குப் போய் அதை இறக்கினாள். ராசம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இதுதான் நம்ம சட்டி, ராசம்மாக்கா. இன்னிக்கு இதுல வையிங்க. அதக் குடுத்துருங்க."

ராசம்மா வந்த சட்டியைப் பார்த்தாள், பச்சைக் காதைப் பார்த்தாள், சுதர்சினியின் முகத்தைப் பார்த்தாள். நாற்பது பேர் வேலை தலைமேல் இருக்கிற நேரம். "தேய்க்கணுமே," என்று மட்டும் சொன்னாள்.

"நான் தேய்க்கிறேன்," என்று சுதர்சினி புளியை எடுத்தாள்.

பத்து மணிக்கெல்லாம் ரோடு நிறைந்துவிட்டது. தோட்டங்களிலிருந்து வந்த சனம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தது. பன்சலப் பிக்குவான ஹாமுதுருவின் சொல்லுக்கு மேல்முனையில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். கோயில் கேட்டுக்கு வெளியே ரவூபும் நோனாவும் தேர் இழுப்பவர்களுக்கு வழக்கம்போல சர்பத் வாளியோடு நின்றார்கள். வாய் வறண்ட நோன்புக்காரர் மற்றவர்களுக்குக் கசகசா மிதக்கிற சர்பத்தைக் கலக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தோட்டத்துப் பெண்கள் பரிதாபப்பட்டார்கள்.

படையல் முடிந்து மணி அடித்தது. மண்டபத்தில் ஒற்றை இலை போட்டு, சோறும் சாம்பாரும் பூசணிக்காய்க் கூட்டும் பலாக்கொட்டைக் கறியும் வைத்தார்கள். டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் விஜேந்திரன்தான் கோயில் தலைவர்.

"மகேஸ், வாங்க," என்றார்.

மகேஸ்வரன் ஸ்திரிக்கை போட்ட வேட்டியோடு வந்து இலைக்கு முன்னால் நின்றான். உட்காரவில்லை. கையைக் கூப்பினான்.

"தலைவரே, நான் இந்த எலயில ஒக்கார முடியாது. கொடி ஏறுன நாள்லருந்து நேத்து வரைக்கும் நீங்க பொங்குனது பள்ளிச் சட்டி. போன வருஷம் அதுல எறச்சிக் கஞ்சி காச்சியிருக்காங்க. ஈயம் பூசுன பொறகு நான்தான் பெயின்ட மாத்திப் பூசிட்டேன். வேற யாரு மேலயும் தப்பு இல்ல. இன்னிக்கு வெந்தது சரியான சட்டியிலதான். ஆனா அத நான் சொல்லி நீங்க நம்பக் கூடாது. தட்டிப் பாத்த என் காது ஒரு தடவ பொய் சொல்லிருச்சி."

மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து முன்னுக்கு வந்தது. என்ன இறைச்சி, மாட்டிறைச்சியா என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். முன்னால் நின்ற ஒருவன் போனை உயர்த்தினான்.

"தம்பி, அத உள்ள வை," என்றார் விஜேந்திரன்.

"பள்ளியில அவங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" என்றான் அவன், போனை இறக்காமலே.

தலைகள் எல்லாம் கேட்டுப் பக்கம் திரும்பின. ரவூப் கையிலிருந்த கரண்டியை வாளிக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். நோனா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுதர்சினி பெண்கள் பக்கத்திலிருந்து வெளியே வந்தாள்.

"தெரியும். ரவூப் நானாவுக்கு மொத நாளே தெரியும். அது கோயில் சட்டின்னு தெரிஞ்ச நிமிஷத்திலருந்து அதுல ஒரு துண்டு எறச்சி போடல அவரு. நோன்பு புடிச்ச சனம் இத்தன நாளா வெறுங்கஞ்சி குடிச்சிருக்கு. அவரு பேச்சு வாங்கியிருக்காரு. எங்கள்ட்ட சொல்லாம விட்டது அவரு பெழ. அத நேத்தே அவரு மொகத்துக்கு நேரா சொல்லிட்டேன். பெழ செஞ்சது எங்க வூடு, மறச்சது அவரு. ரெண்டுலயும் கெட்ட மனசு இல்ல."

போன் வைத்திருந்தவன் கையைத் தொங்கவிட்டான்.

விஜேந்திரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அய்யரக் கேட்டு, சாந்தி செய்யணும்னா செஞ்சிக்கலாம். அது அப்பறம். இப்ப இந்தச் சோத்துக்கு யாரு பொறுப்பு? பாத்திரக்காரரே ஒக்கார மாட்டேங்கிறாரு. நான் எப்பிடிச் சனத்த ஒக்காரச் சொல்றது?"

ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பைத் தேடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். இவர்கள் இப்படியே கேட்டைத் தாண்டினால் இந்தச் சோறும் போச்சு, தேர்நாளும் போச்சு, இருளாண்டி தொடங்கிய தொழிலும் இன்றோடு போச்சு என்பது சுதர்சினிக்கு நன்றாகத் தெரிந்தது. மகேஸ்வரன் கூப்பிய கையை இறக்காமலே நின்றான்.

அவள் போய் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இதென்னா, பொம்பள ஒக்கார்ற எலயா இது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பாத்திரக்காரர் எலதானேங்க ஐயா. நானும் பாத்திரக்காரிதான். இந்தச் சட்டிக்குக் காது கழண்ட அன்னிக்கு, இதத் தலையில வெச்சித் தூக்கிட்டுக் கராஜுக்கு ஓடுனது நான்தான். தட்டிப் பாக்குற அவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். என் கைக்குச் சந்தேகம் இல்ல."

பெரியவர் விஜேந்திரனைப் பார்த்தார். விஜேந்திரன் கூரையைப் பார்த்தார். சுதர்சினி யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் சாம்பாரைச் சோற்றில் விட்டுப் பிசைந்தாள். இத்தனை பேர் பார்க்க அவள் இதுவரை சாப்பிட்டதில்லை. முதல் வாயை எடுத்து வைத்து மென்றாள். விழுங்கினாள். இரண்டாவது வாய் தானாகவே இறங்கியது. செருப்பைத் தேடியவள் ஒரு காலில் மாட்டியும் மற்றதில் மாட்டாமலும் நின்று பார்த்தாள்.

மடைப்பள்ளி வாசலிலிருந்து ராசம்மா கரி படிந்த கையோடு வந்து, இலைக்கு எதிரே நின்றாள். படையல் சோற்றை அம்மனுக்கு வைக்கும் முன் சமைத்தவள்கூட நாக்கில் வைக்கக் கூடாது. முதல் இலைக்காரர் சொல்லித்தான் அவளுக்கே தன் சமையல் தெரியும்.

"உப்பு எப்பிடி?" என்று கேட்டாள், எந்த வருஷமும் கேட்கிற அதே குரலில்.

சுதர்சினி இன்னொரு வாய் எடுத்து மென்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இந்த நேரத்தில் அதைத்தான் எல்லாரும் கேட்க விரும்பினார்கள்.

"கொறச்சல்தான் ராசம்மாக்கா. சாம்பாருல பத்தல."

மண்டபத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள். ராசம்மாவுக்கு முகம் சுருங்கி, பிறகு விரிந்தது. "அப்ப மத்தது நம்பலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள்: "உப்ப எடுத்தா. நிக்கிறீங்களே என்னா, எலயப் போடுங்க."

இலைகள் விழத் தொடங்கின. விஜேந்திரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுதர்சினிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். இன்னும் சிலர் யோசித்துக்கொண்டேதான் நின்றார்கள், ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. உப்புப் போத்தலை எடுத்து வந்தது மகேஸ்வரன். அவன் வரிசைத் தொடக்கத்தில் குனிந்து, முதலில் தன் மனைவியின் இலையில் உப்பு வைத்தான்.